முட்டைக் கோழிகளும் அவற்றின் கொட்டகையும்

முட்டை குறைந்தால் தீனியைப் பழிப்பதும் கோழியின் ஜாதியைப் பழிப்பதும் நமது செங்கற்பட்டுக் கடற்கரைக் குடியானவர்களின் வழக்கம். கொட்டகையைச் சந்தேகிப்பவர் வெகு சிலரே.

2022-ஆம் வருஷம் டிசம்பர் 9-ந் தேதி இரவு மாமல்லபுரத்தருகே மாண்டஸ் புயல் கரை கடந்தது. அதன் பின் நான் பார்வையிட்ட ஒரு கொட்டகையில், தரையில் பரப்பிய நெல் உமி சாரலில் நனைந்து கட்டி தட்டிக் கிடந்தது. நுழைந்தவுடன் கண் எரிந்தது. கோழிகள் தும்மின, சில மாண்டும் போயின. கடன் வாங்கி இத்தொழிலை ஆரம்பித்திருந்த அம்மாள், “தீனியை மாற்றிப் பார்க்கட்டுமா, ஐயா?” என்று வினவினார். தீனியில் யாதொரு குற்றமுமில்லை. எச்சத்திலுள்ள யூரிக் அமிலம் ஈரத்தில் நுண்கிருமிகளால் அம்மோனியா வாயுவாக மாறும். அவ்வாயு கோழியின் சுவாசத்தைக் கெடுக்கும். இரை குறையும், முட்டையும் குறையும். ஈரக்கூளத்தில் இரத்தக் கழிச்சலும் எளிதில் பரவும்.

நாமக்கல் பண்ணைகளில் வழங்கும் கம்பிக் கூண்டில் இத்தொல்லை குறைவு. எச்சம் கீழே விழுந்துவிடுவதால் கோழி அதை மிதிப்பதில்லை, முட்டையும் சுத்தமாயிருக்கும். கூண்டுக் கோழி வருஷத்தில் சுமார் 300 முட்டையிட, புறக்கடை நாட்டுக் கோழி 60 முதல் 80 வரையே இடுகிறது என்பர். இவ்வித்தியாசம் முழுவதையும் கூண்டின் கணக்கில் எழுதுவது பிசகு; ஜாதியும் தீனியும் வேறல்லவா? மேலும் நடக்கவும் சிறகடிக்கவும் இடமின்றிக் கூண்டுக் கோழியின் எலும்பு பலவீனப்படும். ஐரோப்பிய யூனியன் நாடுகளில் 2012 ஜனவரி முதல் வெறுங் கூண்டுகள் விலக்கப்பட்டன.

கோடையில் வேறு சங்கடம். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாய் திறந்து இளைத்தே உடலைக் குளிரச் செய்யும். கடலோரக் காற்றில் ஈரம் மிகுதியாகையால் அதுவும் முழுப் பலன் தராது. இளைக்கையில் கரியமில வாயு அதிகமாய் வெளியேறி ஓடு மெலியும். ஆகவே கொட்டகையின் நீளம் கிழமேலாக இருப்பது உத்தமம். கிளிஞ்சலை நொறுக்கித் தனித் தொட்டியில் வைத்தால் வேண்டிய கோழி தின்னும்.

அந்த அம்மாளுக்குக் கூண்டு வாங்க நான் சொல்லவில்லை. கடன் மேல் கடன் ஏறும். நனைந்த உமியை அள்ளித் தென்னைக்கு எருவாக்கினார். தரையை ஓரடி உயர்த்தி, கூரையோரத்தை மூன்றடி நீட்டி, கோழி ஒன்றுக்கு 2 சதுர அடி வீதம் இடம் விட்டார். ஒரு மாதத்திற்குப் பின் முட்டைகள் கூடின. பழைய அளவு வரவில்லை. இவ்வேலைகளைப் புரட்டாசிக்குள் முடித்து, கோணித் திரையின் மேற்புறம் ஓரடி திறந்திருக்கும்படி கட்டுக. உமியை வாரம் இருமுறை கிளறுக.