கேமரன் மலையும் பெருந்தொற்றும்: ஒரு மலை மாவட்டத்தின் சுற்றுலாத் தொழில் தாக்குப்பிடித்த விதம்

கேமரன் மலை என்றதும் நம் நினைவுக்கு வருபவை தேயிலை, ஸ்ட்ராபெரி, குளிர் ஆகியவைதாம். பல்கலைக்கழகத் தோழிகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வியும் "அங்கே எங்கே தங்கலாம்?" என்பதே. நான் ரிங்லெட்டில் பிறந்து வளர்ந்தவள். சுற்றுப்பயணிகளை லேண்ட் ரோவரில் ஏற்றிக்கொண்டு பிரிஞ்சாங் மலையின் பாசிக்காட்டுக்கு அழைத்துச் செல்வது என் அப்பாவின் தொழில். எனவே, கோவிட்-19 பெருந்தொற்றை எங்கள் மாவட்டத்துச் சுற்றுலாத் தொழில் எவ்வாறு எதிர்கொண்டது என்பதை ஆராயும் இக்கட்டுரையை நான் விலகி நின்று எழுதுவதாகச் சொல்ல இயலாது. விடுமுறைகளில் ஊராரிடம் கேட்டறிந்தவற்றையும் அரசாங்கம் வெளியிட்ட விவரங்களையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் நாட்டு நிலவரத்தைச் சுருக்கமாகப் பார்ப்போம். 2019இல் மலேசியாவுக்கு 26.1 மில்லியன் வெளிநாட்டுப் பயணிகள் வந்தனர். 2020இல் அவ்வெண்ணிக்கை 4.3 மில்லியனாகச் சரிந்தது. 2021இல் வந்தவர்கள் 134,728 பேர் மட்டுமே. ஆனால், கேமரன் மலை வெளிநாட்டவரை மட்டும் நம்பிய இடமன்று. வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் மேலேறி வரும் உள்நாட்டுக் குடும்பங்களே எங்கள் பிழைப்பு. ஆகவே உள்நாட்டுப் பயண எண்ணிக்கைதான் எங்கள் கதையைச் சரியாகச் சொல்லும். 2019இல் 239.1 மில்லியனாக இருந்த உள்நாட்டு வருகைகள் 2020இல் 131.7 மில்லியனாகவும் 2021இல் 66 மில்லியனாகவும் குறைந்தன. பெருந்தொற்று என்றால் பலருக்கும் 2020ஆம் ஆண்டுதான் நினைவுக்கு வருகிறது. எங்களை உண்மையில் உலுக்கியது அடுத்த ஆண்டுதான் என்பதை இவ்வெண்களே காட்டுகின்றன.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அது பள்ளி விடுமுறை வாரம். விடுதிகள் நிரம்பியிருக்க வேண்டிய நாட்கள். அன்றைய தினமே "மலேசியாவிற்கு வருகை தரும் ஆண்டு 2020" இயக்கமும் கைவிடப்பட்டது. பல்கலைக்கழகத்திலிருந்து நான் வீடு திரும்பியபோது, வழக்கமாக வண்டிகள் ஊர்ந்து செல்லும் தானா ராத்தா சாலையில் நாய்கள் படுத்துக் கிடந்தன.

சுற்றுப்பயணிகள் வராததைவிட, காய்கறிகள் வெளியே போகாததே முதலில் எல்லாரையும் திகைக்க வைத்தது. கோஸ், தக்காளி, கீரை வகைகள் யாவும் அறுவடைக்குத் தயாராக நின்றன. உணவகங்களும் விடுதிகளும் மூடப்பட்டன. சந்தைகளின் நேரம் குறைக்கப்பட்டது. லாரிகள் ஓடுமா என்பதில் முதல் நாட்களில் தெளிவில்லை. விவசாயிகள் டன் கணக்கில் காய்கறிகளைக் கொட்டி அழித்த படங்கள் உலகச் செய்திகளிலும் வந்தன. பூந்தோட்டக்காரர்களின் நிலையும் அப்படித்தான். ஏப்ரல் தொடக்கத்தில் வரும் சிங் மிங் திருநாளுக்குச் சீனர்கள் வாங்கும் செவ்வந்திப் பூக்களுக்கு அவ்வாண்டு ஆளில்லை. கோயில்களும் திருமண மண்டபங்களும் மூடியிருக்க, பூவை வேறு யார் வாங்குவார்?

சுற்றுலாவைப் பற்றிய கட்டுரையில் காய்கறி எதற்கு என்று வாசகர் கேட்கலாம். எங்கள் ஊரில் இவ்விரண்டையும் பிரிக்க இயலாது என்பதே என் விடை. 1929இல் தொடங்கப்பட்ட போ தேயிலைத் தோட்டத்தில், தேயிலையை விற்பது போலவே தேயிலைச் சரிவைக் காட்டுவதும் ஒரு தொழிலாகிவிட்டது. ஸ்ட்ராபெரித் தோட்டங்களில் பழத்தைப் பறிப்பவரே வாடிக்கையாளர். என் அத்தை கியா ஃபார்ம் சந்தையில் அவித்த சோளமும் ஸ்ட்ராபெரியும் விற்பவர். அவரை விவசாயத் துறையில் சேர்ப்பதா, சுற்றுலாத் துறையில் சேர்ப்பதா?

இக்கேள்வி வெறும் சொல்லாராய்ச்சி அன்று. உதவித் தொகை யாருக்கு என்பதையே அது முடிவு செய்தது. 2020 பிப்ரவரி 27ஆம் நாள் அறிவிக்கப்பட்ட முதல் திட்டத்தில் சுற்றுலா வழிகாட்டிகள், சுற்றுலாப் பேருந்து ஓட்டுநர்கள், டாக்சி ஓட்டுநர்கள் ஆகியோருக்குத் தலா 600 வெள்ளி வழங்கப்பட்டது. அப்பாவிடம் வழிகாட்டி உரிமம் இல்லை. அவர் ஓட்டுவது பேருந்தும் அன்று. ஆகவே அத்தொகை அவருக்குக் கிடைக்கவில்லை. பின்னர் வந்த சம்பள உதவித் தொகை முதலாளியின் கீழ் முறையாகப் பதிந்து வேலை செய்பவர்களுக்கானது. சிறு வியாபாரங்களுக்கான 3,000 வெள்ளி மானியத்துக்கும் பதிவு வேண்டும். அத்தையிடம் இருந்தது ஒரு மேசையும் அவிக்கும் பானையும்தான். ஏப்ரல் முதல் 6 மாதங்களுக்கு வங்கிக் கடன் தவணைகள் ஒத்திவைக்கப்பட்டன. இது பல விடுதிக்காரர்களைக் காப்பாற்றியது என்பதை மறுக்க முடியாது. அப்பாவோ லேண்ட் ரோவரின் இயந்திரத்தை மாற்றத் தெரிந்தவர் ஒருவரிடம் கடன் வாங்கியிருந்தார். அவருக்கு ஒத்திவைப்பு என்ற சொல்லே தெரியாது. எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது, 4,000 வெள்ளிக்குக் குறைந்த வருமானமுள்ள குடும்பங்களுக்கு இரு தவணைகளில் வழங்கப்பட்ட 1,600 வெள்ளி மட்டுமே. அரசாங்கத்தைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அவசரத்தில் போடப்பட்ட திட்டங்கள் அவை. ஆயினும், கிராமப்புறச் சுற்றுலா என்பது பெரும்பாலும் பதிவேட்டுக்கு வெளியே நடக்கும் தொழில் என்பதை அத்திட்டங்கள் கணக்கில் கொள்ளவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

மே மாதம் வண்டியை விற்றுவிடலாம் என்ற பேச்சு வீட்டில் எழுந்தது. அம்மா சம்மதித்தார். என் படிப்புச் செலவும் அக்கணக்கில் இருந்தது என்பது எனக்குத் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்போது காய்கறித் தோட்டத்துத் தவுக்கே ஒருவர், மேட்டுத் தோட்டத்திலிருந்து லாரி நிற்கும் இடம் வரை பெட்டிகளை இறக்க வண்டி கேட்டார். அப்பா மறுநாளே பின்னிருக்கைகளைக் கழற்றினார். "இது முதல்ல காய் ஏத்துன வண்டிதானேம்மா. நடுவுலதான் ஆள் ஏத்துச்சு" என்றார். அவர் கூறியது உண்மையே. சேறும் செங்குத்துமான தோட்டப் பாதைகளுக்காகவே லேண்ட் ரோவர்கள் இம்மலையில் இவ்வளவு பெருகின. பயணிகள் அதில் ஏறியது பிற்பாடுதான். வருமானம் பாதிகூட இல்லை. ஆனாலும் வண்டி நின்றது. அதாவது, விற்கப்படாமல் வீட்டில் நின்றது.

இதே வழியை வேறு சிலரும் கண்டனர். தோட்டம் வைத்திருந்த விடுதிக்காரர்கள் காய்கறிப் பொட்டலங்களை இணையத்தில் விற்கத் தொடங்கினர். தானா ராத்தாவில் முதுகுப்பைப் பயணிகளை நம்பி நடத்தப்பட்ட மலிவு விடுதிகளுக்கு அவ்வாறு ஊன்ற வேறு கால் இருக்கவில்லை. 2020 மார்ச்சில் மூடப்பட்ட நாட்டின் எல்லை 2022 ஏப்ரல் 1ஆம் நாள்தான் முழுமையாகத் திறக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகள் வாடகை மட்டும் கட்டிக்கொண்டு யாரால் காத்திருக்க முடியும்?

2020 ஜூன் 10ஆம் நாள் மாநிலம் கடந்து பயணம் செய்ய அனுமதி கிடைத்ததும் நிலைமை தலைகீழாயிற்று. வெளிநாடு செல்ல முடியாத பட்டணத்துக் குடும்பங்கள் மலையேறி வந்தன. குடும்பமாகத் தங்கும் அடுக்குமாடி ஹோம்ஸ்டேக்கள் நிறைந்தன. உள்நாட்டுச் சுற்றுலாச் செலவுக்கு அரசாங்கம் அறிவித்த 1,000 வெள்ளி வரி விலக்கும் ஓரளவு உதவியிருக்கலாம். ஆனால், மக்களை அழைத்து வந்தது வரி விலக்கன்று, மூன்று மாத அடைபட்ட வாழ்வு என்பதே என் கருத்து.

பிறகு வந்ததுதான் 2021. அவ்வாண்டு ஜனவரி 13 முதல் அக்டோபர் 11 வரை, ஏறத்தாழ 9 மாதங்கள், மாநில எல்லைகளைக் கடக்கத் தடை இருந்தது. இங்கே நிலவியலைச் சற்றுக் கவனிக்க வேண்டும். கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனால் அதன் இரு முக்கியச் சாலைகளும், அதாவது தாப்பாவிலிருந்து வருவதும் சிம்பாங் பூலாயிலிருந்து வருவதும், பேராக் மாநிலத்திலிருந்தே ஏறுகின்றன. குவா மூசாங் வழி வந்தால் அது கிளந்தான். பகாங்கை விட்டு வெளியேறாமல் மேலே வர இருப்பது சுங்கை கோயான் சாலை ஒன்றே. ஈப்போ மக்களுக்கு நாங்கள் மிக அருகில் இருந்தும் அவர்கள் வர இயலாது. குவாந்தான்காரர் வரலாம்; அவருக்கோ நெடுந்தூரம். மே மாதத்தில் மாவட்ட எல்லைகளைக் கடப்பதும் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டபோது அவ்வழியும் அடைபட்டது. வரைபடத்தில் கோடு போட்டவர் எவரும் இப்படியொரு நாளை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். லாரிகள் மட்டும் எல்லா எல்லைகளையும் கடந்து சென்றன. அப்பாவின் வண்டிக்கு வேலை இருந்ததும் அதனால்தான்.

அத்தை அந்த 9 மாதங்களில் சோளத்தை மறந்து, தோட்டத்துத் தொழிலாளர்களுக்குப் பொட்டலச் சோறு கட்டினார். அதில் அவர் சேர்த்தது ஒன்றுமில்லை. கடன் வாங்காமல் சாப்பிட்டோம் என்பார்.

அக்டோபர் 11ஆம் நாள் தடை நீங்கிய பின் வந்த முதல் வார இறுதியில் ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை வாகனங்கள் நகரவில்லை. அந்நெரிசலைத் திட்டாத ஊர்க்காரர்களை அன்றுதான் முதன்முறையாகப் பார்த்தேன். அதற்கு மறுவாரம் எல்லாரும் வழக்கம்போல் திட்டத் தொடங்கிவிட்டனர்.

அத்தை இப்போது தம் வியாபாரத்தை முறையாகப் பதிந்து வைத்திருக்கிறார். பதிவுத் தாளைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சோளப் பானைக்கு மேலே மாட்டியிருக்கிறார். ஆவி பட்டுப் பட்டு எழுத்து மங்கிவிட்டது. அப்பாவின் வண்டியில் பின்னிருக்கைகள் திரும்ப வந்துவிட்டன. ஆனால், அவற்றை இறுக்கும் மரைகளை அவர் முழுவதும் முடுக்குவதில்லை. வாரத்தில் இரண்டு நாட்கள் இருக்கைகளைக் கழற்றி வைத்துவிட்டுக் கோஸ் ஏற்றுகிறார். தவுக்கே தரும் கூலி இன்னமும் குறைவுதான்.