கம்ப்ரஸர் நிற்கப்போகும் தேதியைக் கணினி சொல்லுமா?

கேள்வி: காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரி நடத்துகிறோம். மூன்று அமோனியா கம்ப்ரஸர்கள். சீசனில் இரண்டு ஓடும், ஒன்று மாற்றுக்கு. போன வருடம் மீன்பிடித் தடை முடிந்த அதே வாரம் ஒரு மோட்டாரில் பேரிங் பிடித்து நின்றுவிட்டது. ஐஸ் கேட்டு வந்த படகுக்காரர்கள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். இப்போது ஒரு கம்பெனிக்காரர் வந்து, சென்சார் பொருத்தினால் எந்த மெஷின் எந்தத் தேதியில் பழுதாகும் என்று ஏஐ 98 சதவீதம் சரியாகச் சொல்லிவிடும் என்கிறார். மணிக்கொரு தடவை ரீடிங் எழுதிய லாக் புக் மூன்று வருடத்துக்கு எங்களிடம் இருக்கிறது. என்ஜினீயரிங் படிக்கும் என் மகன், அதை வைத்துத் தானே செய்து தருவதாகச் சொல்கிறான். யாரை நம்புவது ஐயா?
- ஒரு வாசகர், காசிமேடு

பதில்: தேதி சொல்வார்கள் என்பதை நம்பாதீர்கள். முன்னெச்சரிக்கை கிடைக்கும் என்பதை நம்பலாம், அதுவும் சில வகைப் பழுதுகளுக்கு மட்டும்.

தேதி சொல்ல வேண்டுமானால், அதே மாதிரி மெஷின் அதே மாதிரிப் பழுதாகி நின்றதைக் கணினி பல தடவை பார்த்திருக்க வேண்டும். மூன்று வருடத்தில் உங்களிடம் பெரிய பழுது எத்தனை வந்திருக்கும்? ஒன்று பேரிங், ஒன்று வால்வ் பிளேட், ஒன்று ஷாஃப்ட் சீல் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். காரணமும் ஒவ்வொன்றுக்கும் வேறு. அதை வைத்து அடுத்த பழுதின் நாளைக் குறிக்க எந்தக் கணக்காலும் முடியாது.

அந்த 98 சதவீதத்தைப் பார்ப்போம். ஒரு மெஷின் வருடத்தில் மூன்று நாள் பழுதாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் "இன்று ஒன்றும் ஆகாது" என்று மட்டும் சொல்லும் ஒருவர் 365 நாளில் 362 நாள் சரியாகச் சொல்லியிருப்பார். 99 சதவீதம்! சென்சாரும் வேண்டாம், ஏஐயும் வேண்டாம். எனவே கம்பெனிக்காரரிடம் சதவீதத்தைக் கேட்காதீர்கள். நீங்கள் கொடுத்த எச்சரிக்கைகளில் எத்தனை உண்மையானது, எச்சரிக்காமலே வந்த பழுது எத்தனை, எத்தனை நாள் முன்னால் சொன்னீர்கள், இதெல்லாம் எந்த ஊரில் எந்த மெஷினில் என்று கேளுங்கள்.

கடைசிக் கேள்விக்குக் காரணம் இருக்கிறது. இந்தத் துறையில் ஆய்வுக் கட்டுரைகளும் மாணவர் புராஜெக்டுகளும் அதிகமாகப் பயன்படுத்தும் தரவுகளில் ஒன்று 2008 வாக்கில் நாசா வெளியிட்ட சி-மேப்ஸ் தொகுப்பு. விமான என்ஜின்கள் தேய்ந்து பழுதாவதை 21 சென்சார் அளவுகளில் அது காட்டும். ஆனால் அந்த என்ஜின்கள் எதுவும் வானத்தில் பறந்தவை அல்ல. கணினிக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தவை. அங்கே உப்புக்காற்று இல்லை, வோல்டேஜ் இறங்குவதில்லை, இரவு ஷிப்டில் ஆபரேட்டர் கண் அசருவதும் இல்லை. அதில் வாங்கிய மார்க்கைக் காசிமேட்டுக்குக் கொண்டுவந்து காட்டுவது விற்பனைக்கு உதவும், உங்களுக்கு உதவாது.

உங்கள் மகன் செய்யட்டும், தாராளமாக. ஆனால் இரண்டு இடத்தில் வழுக்கும் என்று சொல்லிவையுங்கள். கல்லூரிப் பழக்கத்தில் எல்லா ரீடிங்கையும் குலுக்கிப் போட்டு ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் எடுத்தால், பத்து மணி ரீடிங் பயிற்சியிலும் பதினோரு மணி ரீடிங் சோதனையிலும் இருக்கும். பக்கத்துப் பக்கத்து மணியில் அளவுகள் பெரிதாக மாறுவதில்லை. கணினி கேள்வித்தாளைப் பார்த்துவிட்டே பரீட்சை எழுதுகிறது. முதல் இரண்டு வருடத்தில் பயிற்சி, மூன்றாம் வருடத்தில் சோதனை என்று காலவரிசை குலையாமல் பிரிக்க வேண்டும். இரண்டாவது இன்னும் சூட்சுமமானது. மெஷினில் வித்தியாசமான சத்தம் கேட்டவுடன் உங்கள் ஆபரேட்டர் லோடைக் குறைத்திருப்பார், ஆம்பியரும் இறங்கியிருக்கும். "ஆம்பியர் இறங்கினால் பழுது வரும்" என்று கணினி கற்றுக்கொள்ளும். அது மெஷினைப் படிக்கவில்லை, ஆபரேட்டர் காதைப் படித்திருக்கிறது.

இனி உங்கள் லாக் புக்கால் என்ன முடியும் என்பதற்கு வருகிறேன். அதன் மதிப்பு உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

மணிக்கொரு ரீடிங் மெதுவாக வளரும் கோளாறுகளைப் பிடிக்கப் போதும். டிஸ்சார்ஜ் பிரஷரை எடுத்துக்கொள்ளுங்கள். அமோனியா 35 டிகிரி செல்சியஸில் திரவமாக ஏறக்குறைய 180 பிஎஸ்ஐ வேண்டும், 40 டிகிரியில் 210. கத்திரி வெயிலில் பிரஷர் ஏறுவதும், கடற்காற்று வந்ததும் இறங்குவதும் இயல்பு. ஆகவே 200-ஐத் தாண்டினால் மணி அடி என்று வைத்தால் மே மாதம் முழுக்க அடிக்கும், ஆபரேட்டர் ஒயரைப் பிடுங்கிவிடுவார். மாறாக, கண்டன்சர் தண்ணீரின் சூடு, சக்‌ஷன் பிரஷர், வோல்டேஜ், ஆம்பியர் இவற்றை வைத்து "இந்த நேரத்தில் பிரஷர் இவ்வளவு இருக்க வேண்டும்" என்று ஒரு கணிப்பு போடலாம். சாதாரண ரிக்ரஷனே போதும், ஆழ்கற்றல் எல்லாம் தேவையில்லை. கணிப்புக்கும் உண்மை ரீடிங்குக்கும் உள்ள வித்தியாசத்தைத் தொடர்ந்து கூட்டிக்கொண்டே வாருங்கள். ஒரு நாள் ஐந்து பிஎஸ்ஐ கூடுதல் என்றால் பரவாயில்லை. பத்து நாள் விடாமல் அதே பக்கம் ஐந்து ஐந்தாகச் சேர்ந்தால் கண்டன்சர் குழாயில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது, அல்லது சிஸ்டத்துக்குள் காற்று புகுந்திருக்கிறது, அல்லது தண்ணீர் பம்பு சோர்ந்திருக்கிறது. இப்படிக் கூட்டிப் பார்க்கும் முறையை ஈ. எஸ். பேஜ் என்ற பிரிட்டிஷ் புள்ளியியலாளர் 1954-லேயே எழுதிவிட்டார். கியூசம் என்று மகனைத் தேடச் சொல்லுங்கள்.

உங்கள் தொழிலுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதம் உங்கள் கம்ப்ரஸர்கள் ஓடும் விதமே வேறு. தடைக்கால ரீடிங்கில் பயிற்சி பெற்ற கணிப்பு மாடல் ஜூன் 15 அன்று எல்லாமே பழுது என்று அலறும். சீசன் ரீடிங்கை மட்டும் பார்த்தது தடைக்காலத்தில் குழம்பும். இரண்டுக்கும் தனித்தனி மாடல் வைக்கலாம். அல்லது எத்தனை மெஷின் ஓடுகிறது, எத்தனை ஐஸ் பார் எடுத்தோம் என்பதையும் கணக்கில் சேர்க்கலாம். வெளியூர் மென்பொருள்காரருக்கு இந்தக் காலண்டர் தெரிந்திருக்காது.

பேரிங் கதை வேறு. அதை லாக் புக்கில் பிடிக்க முடியாது. சின்ன பம்பு மோட்டார்களில் பரவலாக வரும் 6205 பேரிங்கில் ஒன்பது குண்டு. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 1475 சுற்று சுற்றினால், வெளிவளையத்தில் ஒரு பொத்தல் விழுந்ததும் குண்டுகள் அதை விநாடிக்கு 88 முறை தட்டும். உள்வளையத்தில் என்றால் 133 முறை. பேரிங் நம்பர் தெரிந்தால் ஒவ்வொன்றுக்கும் இந்தக் கணக்கு போட்டுவிடலாம். விநாடிக்குச் சில ஆயிரம் முறையாவது அளக்கும் வைப்ரேஷன் சென்சார் ஒரு நாளைக்கு நாலு தடவை, சில விநாடிகள் பதிந்தால் போதும், அந்தத் தட்டல் தனியாகத் தெரியும். பேரிங் ஊளையிடத் தொடங்கும் முன்பே, பல நேரம் சில வாரங்கள் முன்பே தெரியும். மோட்டாருக்கு மொத்த அதிர்வு எல்லையும் உண்டு: பழைய ஐஎஸ்ஓ 10816 தரத்தில் 15 முதல் 75 கிலோவாட் வரையான மெஷினுக்கு விநாடிக்கு 2.8 மில்லிமீட்டரைத் தாண்டினால் கவனிக்க வேண்டும், 7.1-ஐத் தாண்டினால் ஓட்டக் கூடாது. இதை பிஸ்டன் கம்ப்ரஸர் உடம்புக்குப் பொருத்திவிடாதீர்கள். அது இயல்பிலேயே ஆடும் மெஷின், அதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

இனி போன வருடப் பழுது. நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். நின்றது, தடைக்காலம் முழுக்க ஓடாமல் சும்மா இருந்த மோட்டார்தானே? பக்கத்து மெஷின் ஓடும்போது அதன் அதிர்வு தரை வழியாக வந்து, நிற்கும் மோட்டாரின் குண்டுகளை ஒரே இடத்தில் உரசிக்கொண்டே இருக்கும். அங்கே கிரீஸ் விலகும், வளையத்தில் தடம் விழும். கடலோர ஈரம் மீதி வேலையைச் செய்யும். பிறகு ஜூன் மாதம் முழு லோடில் போட்டால் சில நாளில் பிடித்துக்கொள்ளும். இதற்கு ஏஐ வேண்டாம். வாரம் ஒரு முறை ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிவிடுங்கள், மெஷின்களை மாற்றி மாற்றி ஓட்டுங்கள், மாதம் ஒரு முறை மெக்கர் வைத்து மோட்டாரின் இன்சுலேஷனைப் பார்த்து எழுதுங்கள்.

தடைக்காலத்தில்தான் எல்லாவற்றையும் பிரித்து ஓவர்ஹால் செய்வீர்கள். அதிலும் எச்சரிக்கை. யுனைடெட் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் நௌலன், ஹீப் இருவரும் 1978-இல் கொடுத்த அறிக்கையில், விமானப் பாகங்களில் 89 சதவீதத்துக்கு வயது ஏறுவதற்கும் பழுதாவதற்கும் சம்பந்தமில்லை என்று காட்டினார்கள். புதிதாகப் பொருத்திய தொடக்கத்தில்தான் பெரும்பாலானவை அதிகம் பழுதாயின. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையிலும், சர்வீஸ் முடிந்து வந்த விமானங்களில்தான் கோளாறு அதிகம் என்று வாடிங்டன் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். ஆகவே ஓவர்ஹாலை மே மாதத்திலேயே முடித்துவிட்டு, ஜூன் 15-க்கு முன்னால் ஒரு வாரமாவது லோடு கொடுத்து ஓட்டிப் பாருங்கள்.

லாக் புக்கில் இன்று முதல் ஒரு பத்தி கூடுதலாகப் போடுங்கள்: எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம், கழற்றியது எப்படி இருந்தது. கெட்டுப்போனதால் மாற்றிய பேரிங்கும் "எதற்கும் இருக்கட்டும்" என்று மாற்றிய பேரிங்கும் கணக்கில் ஒன்றல்ல. பெரும்பாலான தொழிற்சாலைகளில் ரீடிங் மலைபோல் கிடக்கிறது, இந்தப் பத்தி மட்டும் இல்லை. இது இல்லாமல் எந்தக் கம்பெனியும் உங்களுக்கு உருப்படியாக எதுவும் செய்து தர முடியாது.

கடைசியாக, வரலாற்றில் இல்லாததைக் கணினி கற்காது. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தில், கப்பலிலிருந்து கரைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்து ஊரே வீட்டைவிட்டு ஓடியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த மாதத் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயலில் கற்பாறைகள் நகர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று ஆய்வுக்குழு கருதியது. எத்தனை வருட ரீடிங் இருந்தாலும் புயலில் கல் நகரும் என்று அதில் எழுதியிருக்காது. அப்படிப்பட்ட நேரத்துக்குக் கணிப்பு உதவாது; கசிந்த அடுத்த நிமிடமே கத்தும் கருவி வேண்டும்.

ஆகவே செலவு செய்யும் வரிசை இது. உங்கள் மெஷின் அறையில் அமோனியா கசிவு காட்டும் டிடெக்டர் இல்லையென்றால் முதல் பணம் அதற்கு. அடுத்து ஓடும் இரண்டு மெஷின்களின் மோட்டார்களுக்கு வைப்ரேஷன் சென்சார், ஒரு சீசன் சோதனைக்கு மட்டும். லாக் புக் கணக்கை உங்கள் மகன் பார்த்துக்கொள்ளட்டும். தேதி சொல்கிறேன் என்ற கம்பெனிக்காரர் மறுபடி வந்தால், தவறாகச் சொன்னால் பணத்தில் எவ்வளவு திருப்பித் தருவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.