பழைய பிக்கப் வண்டியின் தகரத்தை வீட்டில் திருத்துகிறவர்கள் கவனத்திற்கு



அண்மையில் மேற்பிரிவுக்குப் போயிருந்தோம். கடைசி லயத்து வாசலில் ஒரு பழைய மொறிஸ் மைனர் பிக்கப் நின்றது. ஓய்வுபெற்ற லொறி சாரதி ஒருவர் மரக்கறி மூட்டை ஏற்றுவதற்காக அதைத் திருத்திக்கொண்டிருந்தார். "ஐயா, ரெண்டு டின் பட்டி வாங்கிப் பூசினா சரியாப் போயிரும்தானே?" என்று கேட்டார். நாம் மட்கார்டின் கீழ்ப்பகுதியை ஒரு ஸ்க்ரூடிரைவரால் தட்டினோம். அது உள்ளே போய்விட்டது! அதைவிட நமக்குத் திக்கென்றது வேறொன்று. அவருடைய பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய பெயின்டை விளையாட்டாகச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பாடத்தை எழுத அதுவே காரணம்.

மொறிஸ் மைனர் கார் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. பிக்கப் 1953இல் வந்தது. காருக்கு பொடிதான் எலும்பு. பிக்கப்புக்கு அப்படியில்லை, அடியில் தனியாகச் சேசி உண்டு. முன் மட்கார்ட்கள் போல்ட் போட்டுப் பூட்டியவை, கழற்றித் தரையில் வைத்தே வேலை செய்யலாம். வீட்டில் திருத்துகிறவருக்கு இது பெரிய வசதி. ஆனால் சேசி துருப்பிடித்திருந்தால் அதை வீட்டில் தொடவே கூடாது. அது கராஜ் வேலை.

முதலில் எங்கே நல்ல இரும்பு இருக்கிறது, எங்கே பட்டி இருக்கிறது என்று பாருங்கள். பழைய ரேடியோ ஸ்பீக்கரிலுள்ள காந்தத்தைத் துணியில் சுற்றித் தகட்டின்மேல் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் முன்பு யாரோ பட்டி அப்பியிருக்கிறார்கள். சுத்தியல் பிடியால் தட்டினாலும் தெரியும். நல்ல தகடு கணீரென்னும், பட்டி 'தொப்' என்னும். மட்கார்டின் பின் அடி, கபினின் தரை மூலைகள், கதவின் அடி விளிம்பு, இந்த மூன்றையும் விடாமல் பாருங்கள். நம் பக்கத்து மழையும் சேறும் அங்கேதான் தங்கும். உர மூட்டை ஏற்றிய வண்டியென்றால் பின் தட்டையும் பார்க்க வேண்டும். சிந்திய உரம் ஈரத்தோடு சேர்ந்து இரும்பைத் தின்னும்.

துருவின்மேல் பட்டி பூசினால் என்ன நடக்கும்? பட்டி ஈரத்தை உறிஞ்சும். துரு உள்ளே இருந்தபடியே வளரும். ஒரு மழைக்காலத்தில் பட்டி பாளமாகக் கழன்று விழும், காசும் போச்சு. ஆகவே பளபளப்பான இரும்பு தெரியும்வரை வெட்டி எடுங்கள். ஓட்டையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கொப்பி மட்டையில் அளவு வெட்டி, அதை வைத்துப் புதுத் தகடு வெட்டுங்கள். 20 கேஜ், அதாவது ஏறக்குறைய 0.9 மில்லிமீற்றர் தடிப்பு போதும். கூரைத் தகரம் சும்மா கிடக்கிறதே என்று அதை வெட்டிப் போடாதீர்கள். அதிலுள்ள நாகப்பூச்சு வெல்டிங் சூட்டில் வெள்ளைப் புகையாகும். சுவாசித்தவருக்கு இரவில் குளிர்காய்ச்சல் மாதிரி நடுக்கம் வரும்.

வெல்டிங்கை மட்டும் தெரிந்தவரிடம் கொடுங்கள். தடித்த இரும்புக்குப் பாவிக்கும் ஆர்க் குச்சி இந்த மெல்லிய தகட்டை ஓட்டையாக்கிவிடும். வெல்டர் வருவதற்குமுன் பற்றரி வயரையும் பெற்றோல் தாங்கியையும் கழற்றித் தூரத்தில் வையுங்கள். "தாங்கி காலிதானே" என்று சொல்ல வேண்டாம். நிரம்பிய தாங்கியைவிடக் காலித் தாங்கிதான் ஆபத்து, உள்ளே இருக்கும் ஆவி பொறி பட்டால் வெடிக்கும். தாங்கியை வீட்டில் ஒருபோதும் ஒட்டக் கூடாது. ஒரே மூச்சில் நீளமாக ஒட்டினால் தகடு நெளியும். அங்கொரு பொட்டு, இங்கொரு பொட்டு என்று ஆறவிட்டு ஒட்டச் சொல்லுங்கள்.

நசுங்கலை எடுக்க ஒரு தண்டவாளத் துண்டும் முகம் வழவழப்பான சுத்தியலும் போதும். நடுக்குழியில் ஓங்கி அடிப்பதுதான் எல்லாரும் செய்கிற பிழை. அப்படி அடித்தால் தகடு நீண்டு வீங்கிவிடும், பிறகு எந்த டிங்கர்காரராலும் எடுப்பது சிரமம். ஓரத்திலிருந்து மெதுவாகத் தட்டித் தட்டி உள்ளே வாருங்கள். கடைசியில் மிஞ்சும் சிறு மேடு பள்ளத்துக்குத்தான் பட்டி, அதுவும் மூன்று மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம்.

இனிப் பெயின்ட் விசயம். அந்தக் காலப் பெயின்டில் ஈயம் உண்டு. காய்ந்தபடி தேய்த்தால் அந்தத் தூசி காம்பராவுக்குள்ளும் பாய்க்குள்ளும் பிள்ளையின் கைக்கும் போகும். ஈயம் சிறுபிள்ளையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கர்ப்பிணித் தாயின் இரத்தம் வழியாக வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். வெளியில் எந்த அடையாளமும் தெரியாது, அதனால்தான் நம் ஆட்கள் இதைப் பெரிதாக எடுப்பதில்லை. லேஞ்சியை மூக்கில் கட்டினால் போதாது. தண்ணீர்ச் சாண்ட்பேப்பரை நனைத்து நனைத்துத் தேய்க்க வேண்டும். கீழே பொலித்தீன் விரித்து, விழும் சேற்றை அள்ளிக் கட்டுங்கள். அந்தத் தண்ணீரைப் பீலிக்கரைக்கோ மரக்கறிப் பாத்திக்கோ விடாதீர்கள். உடுத்திய துணியைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காமல் தனியாகத் துவையுங்கள். கை கழுவாமல் ரொட்டியைத் தொடாதீர்கள். வேலை முடியும்வரை பிள்ளைகள் அந்தப் பக்கம் வரக் கூடாது. இதை வீட்டு அம்மா சொன்னால்தான் நடக்கும் என்று நமக்குத் தெரியும்!

துரு நீக்கிய தகட்டை ஓர் இரவுகூட வெறுமனே விடாமல் அன்றைக்கே ரெட் ஒக்சைட் பூசுங்கள். மூடுபனி இரவொன்று போதும், மறுபடி மஞ்சள் படியும். மேல் பெயின்டுக்கு வெயில் நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு டின்னைக் கலந்து அடிக்கும் கடினப் பெயின்டை வீட்டில் ஸ்ப்ரே பண்ண வேண்டாம், அது நுரையீரலுக்குக் கேடு.

வண்டிக்கு அடியில் போகிறவர்கள் ஜக்கை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நம் லய வாசல்கள் எல்லாம் சரிவுதானே. சக்கரத்துக்குக் கல் வைத்து, பாரம் தாங்கும் மரக்கட்டைகளின்மேல் வண்டியை இறக்கிய பிறகே அடியில் போங்கள்.

அந்தத் தாத்தா இப்போது முன் மட்கார்ட் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, வெல்டருக்காகக் காத்திருக்கிறார். வண்டிக்கு நீல நிறம் அடிக்கப் போகிறாராம். பதிவுப் புத்தகத்தில் வேறு நிறம் இருக்கிறது. நிறம் மாற்றினால் மோட்டார் வாகனத் திணைக்களத்துக்கு அறிவித்துப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தோம்.