கேஸ் கீசருக்கும் காற்று வேண்டும்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்களிடம் கேபினெட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள் என்று சொல்வோம். குளிர்ந்த காற்று உள்ளே போக வேண்டும். சூடான காற்று ஃபேன் வழியாக வெளியேற வேண்டும். வழி அடைபட்டால் கம்ப்யூட்டர் சூடாகி நின்றுவிடும். இதே விதிப்படி இயங்கும் இன்னொரு வீட்டுச் சாதனம் கேஸ் கீசர். அங்கே வழி அடைபட்டால் குளிப்பவரின் உயிருக்கே ஆபத்து.

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம் தொடங்கி, மார்கழியில் ரமணர் ஜெயந்தி முடிந்த பிறகும், ரமணாசிரமம் பகுதிக்கு அறை தேடி வருபவர்கள் அதிகம். அதிகாலைக் குளிரில் எல்லோரும் வெந்நீர் கேட்பார்கள். கரண்ட் போனாலும் வெந்நீர் கிடைக்கும் என்று கேஸ் கீசர் வாங்க நினைக்கிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்.

உள்ளே நடப்பது என்ன?

சமையல் கேஸ் என்பது புரொப்பேன், பியூட்டேன் கலவை. ஒரு கன அடி புரொப்பேன் முழுமையாக எரிய ஏறத்தாழ 24 கன அடி காற்று தேவை. நிமிடத்திற்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் கீசர், முழு வேகத்தில் 10 நிமிடம் எரிந்தால் சுமார் 150 கிராம் கேஸ் செலவாகும். அதற்கு ஏறத்தாழ 2 கன மீட்டர் காற்று வேண்டும். 5 அடி நீளம், 4 அடி அகலம், 8 அடி உயரமுள்ள பாத்ரூமில் இருக்கும் மொத்தக் காற்றே நாலரை கன மீட்டர்தான்!

ஆக்சிஜன் குறையும்போது கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடு உண்டாகும். இதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல், பிறகு மயக்கம். கதவைத் தாழ்ப்பாள் போட்டுக் குளிப்பவர் கூப்பிடக்கூட முடியாமல் விழுந்துவிடலாம்.

பொருத்தும் முறை

1. கீசரை பாத்ரூமுக்கு வெளியே, மழை படாத திறந்த இடத்தில் மாட்டுங்கள். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். குழாயைத் திறந்தால் தண்ணீர் அழுத்தத்தில் கீசர் தானே பற்றிக்கொள்ளும். எனவே அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டியதில்லை.

2. மூடிய இடத்தில்தான் மாட்ட முடியும் என்றால், புகைக்குழாய் இணைக்கும் வசதியுள்ள மாடலை வாங்குங்கள். குழாய் மேல்நோக்கி ஏறி, சுவரைத் தாண்டி, ஜன்னல்களுக்குத் தள்ளி முடிய வேண்டும்.

3. சுவரில் தரையை ஒட்டி ஒன்றும், மேலே ஒன்றுமாக, மூட முடியாத இரண்டு திறப்புகள் தேவை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும்.

4. எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். காற்று உள்ளே வர வழியில்லாத அறையில் அது புகைக்குழாயின் புகையையே கீழே இழுத்துவிடும்.

5. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹோஸையே பயிற்சி பெற்ற மெக்கானிக் மூலம் இணைக்கச் சொல்லுங்கள். இணைப்புகளில் சோப்பு நுரை தடவி, குமிழ் வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே கூடாது.

எப்போதும் கவனிக்க

தீ நீல நிறத்தில் எரிய வேண்டும். மஞ்சளாக மாறினால் கீசரை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழையுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று வாங்கி மாட்டுவதும் நல்லது. ஆனால் திறப்புகளுக்கு அது மாற்று ஆகாது.

யாராவது மயங்கினால் கேஸை மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குக் கொண்டு வந்து 108-ஐ அழையுங்கள். கேஸ் நாற்றம் வந்தால் எந்த ஸ்விட்சையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடுங்கள். வெளியே வந்து 1906-ஐ அழையுங்கள்.

ஏற்கனவே பாத்ரூமுக்குள் மாட்டியிருப்பவர்கள், அதை வெளியே மாற்றும் வரை வாளியில் வெந்நீர் பிடித்து, கீசரை நிறுத்தி, கதவைத் திறந்து காற்று மாறிய பிறகு குளியுங்கள்.