பல்லின் நிறம் எங்கிருந்து வருகிறது?

நம்பிக்கை: மஞ்சளாக இருந்தால் அழுக்குப் பல். உமிக்கரி போட்டு அழுத்தித் தேய்த்தால் வெளுத்துவிடும்.

உண்மை: நெல் விளைந்த நாஞ்சில் நாட்டில் உமிக்குப் பஞ்சம் இருந்ததில்லை. உமிக்கரியோடு உப்பும் நல்லமிளகும் சேர்த்துப் பல் தேய்த்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. அதுபோன்ற கரியே இப்போது ‘சார்கோல் பேஸ்ட்’ ஆகிக் கடைக்கு வந்திருப்பதால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

பல்லின் நிறம், சுவரில் அடித்த சுண்ணாம்பு போல மேலே ஒட்டிக்கொண்டிருப்பதல்ல. மேலே இருக்கும் எனாமல் எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் கனிமம். ஒளியை ஓரளவு உள்ளே விடும். விழும் வெளிச்சத்தில் ஒரு பங்கு எனாமலிலேயே சிதறித் திரும்புகிறது. மீதி, உள்ளிருக்கும் டென்டின் வரை போகிறது. டென்டின் நீல ஒளியை அதிகம் உறிஞ்சுவதால் அங்கிருந்து மஞ்சள் சாயலோடு ஒளி திரும்புகிறது. ஆகவே ஆரோக்கியமான பல்லும் லேசான மஞ்சளாகத்தான் இருக்கும். வயதானால் எனாமல் தேயும், டென்டின் தடிக்கும், மஞ்சள் கூடும்.

வெற்றிலைக் கறையும் தேயிலைக் கறையும் வேறு. அவை வெளியே படிந்து ஒளியை உறிஞ்சுபவை. உமியில் சிலிக்கா நிறைய இருப்பதால் உமிக்கரி அந்தக் கறையைச் சுரண்டி எடுக்கும், உண்மைதான். கூடவே எனாமலையும் எடுத்துவிடும். போன எனாமல் மறுபடி வளராது. அது மெலிய மெலிய, உள்ளிருக்கும் மஞ்சள் இன்னும் நன்றாகத் தெரியும்.

தேயாத முன்பல்லின் நுனியைக் கண்ணாடியில் பாருங்கள். அங்கே டென்டின் இல்லை, எனாமல் மட்டுமே. லேசான நீலச் சாம்பல் நிறம் தெரியும். பின்னாலிருந்து சின்ன டார்ச் அடித்தால் அதே இடம் செம்மஞ்சளாகும். நீலம் அதிகம் சிதறுகிறது, சிவப்பு ஊடுருவிப் போகிறது. கன்னியாகுமரியில் அந்திச் சூரியன் சிவப்பதும் இப்படித்தான்.

நம்பிக்கை: பல் அடைக்கும்போது காட்டும் நீல வெளிச்சம் எக்ஸ்ரே போன்றது.

உண்மை: இல்லை. அது சுமார் 470 நானோமீட்டர் அலைநீளமுள்ள, கண்ணுக்குத் தெரியும் ஒளி. அடைப்புப் பசையில் உள்ள கேம்ஃபர்குயினோன் அதை உறிஞ்ச, பசை இறுகுகிறது. சிதறியும் உறிஞ்சப்பட்டும் ஒளி ஆழம் போகாததால்தான் பசையைச் சுமார் 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைக்கிறார்கள். அந்த ஒளியை நேராகப் பார்க்காதீர்கள்.

நம்பிக்கை: பல்லில் வெள்ளைத் திட்டு இருந்தால் சுண்ணாம்புச் சத்து அதிகம்.

உண்மை: பெரும்பாலும் நேர்மாறு. அமிலம் கனிமத்தைக் கரைத்து நுண்துளைகள் விழுந்த இடம் அது; சொத்தையின் தொடக்கம். எனாமலின் ஒளிவிலகல் எண் சுமார் 1.6, நீருக்கு 1.33, காற்றுக்கு 1. எனாமலுக்கும் துளையை நிரப்பியிருப்பதற்கும் உள்ள இந்த வித்தியாசம் கூடக் கூட ஒளி அதிகம் சிதறும். அதனால்தான் எச்சிலின் ஈரத்தில் மறைந்திருக்கும் திட்டு, பல் டாக்டர் காற்றடித்து உலர்த்தியதும் பளிச்சென்று வெளுக்கிறது. தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்த தருமபுரிப் பக்கத்துப் பிள்ளைகளின் பல் திட்டுகளுக்குக் காரணம் வேறு. ஆனால் அங்கும் எனாமலில் கனிமம் குறைவுதான்.

குழி விழாத சொத்தைத் திட்டைச் சரியான அளவு ஃபுளோரைடால் தடுத்து நிறுத்த முடியும். பிள்ளையின் பல்லில் புதிதாக வெள்ளைத் திட்டு கண்டால், வலி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே பல் டாக்டரிடம் காட்டுங்கள்.