தடுத்தலும் ஆட்கொள்ளுதலும்

விழுப்புரம் மாவட்டத்துத் திருவெண்ணெய்நல்லூரில் அருட்டுறை என்னும் திருக்கோயில் உள்ளது. சுந்தரமூர்த்தி சுவாமிகளை இறைவன் தடுத்தாட்கொண்ட தலம் அது. அவ்வரலாற்றை அறியாத அன்பர் அரியர். ஆயினும், பிள்ளைகளின் கைப்பேசி மோகத்தால் அல்லலுறும் இக்காலப் பெற்றோர் அதனை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பார்த்தல் தகும்.

புத்தூரில் திருமணப் பந்தரின்கண் முதிய வேதியராய் எழுந்தருளிய பெருமான், மணமகனாகிய நம்பியாரூரர் தமக்கு அடிமை என்று வழக்குரைத்து ஓலை காட்டினார். நம்பி சினந்து, பித்தன் என ஏசி, அவ்வோலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். பறித்ததனால் வழக்கு முடிந்ததா? இல்லை. வெண்ணெய்நல்லூர் அவையில் மூல ஓலை வெளிப்பட்டது. பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்பு நோக்கப்பெற்றது. நம்பியும் தீர்ப்புக்கு இசைந்தார். பின்னர்ப் பெருமான், தம்மை ஏசிய அச்சொல்லையே முதலாக வைத்துப் பாடுமாறு பணித்தார். தடுத்ததோடு நின்றிருப்பின் அது வெறுந்தடையே. செய்யத்தக்க பணியொன்றைத் தந்தமையால் அன்றோ அஃது ஆட்கொள்ளல் ஆயிற்று!

இன்றைய இல்லங்களில் நிகழ்வது முதற்பாதி மட்டுமே. ஒரு வயதில் சோறூட்டுவதற்காகத் தாமே காட்டிப் பழக்கிய கருவியைப் பத்து வயதில் திடீரெனப் பறிக்கின்றனர். பறித்த இடத்தில் வேறொன்றும் வைப்பதில்லை. பிள்ளை அழுது அரற்றினால் திருப்பிக் கொடுத்து விடுகின்றனர். அழுதால் கிடைக்கும் என்னும் பாடத்தையே அது கற்கின்றது. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே வேண்டா என்றும், அதன்பின் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படலாகாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் வழிகாட்டியுள்ளது.

திரௌபதியம்மன் விழாவில் விடிய விடியப் பாரதக்கூத்துப் பார்த்தவர்தாமே நம் முன்னோர், அவர்கள் கெட்டா போயினர் என்று வினவுவாரும் உளர். நல்ல வினாவே. ஆனால் கூத்து விழா நாள்களில் மட்டும் நடந்தது, ஊரே ஒருங்கிருந்து பார்த்தது, ஐயம் எழுந்தால் விளக்கப் பாட்டி அருகிலிருந்தார், விடிந்ததும் முடிந்தது. கைப்பேசிக்கு முடிவு என்பதே இல்லை. ஒரு படம் முடியுமுன்னரே அடுத்தது தானாகத் தொடங்குமாறு அதனை அமைத்துள்ளனர். பெரியவர்களுக்கே எழ மனம் வருவதில்லை எனின், சிறுவர்களை மட்டும் நொந்து பயனென்ன?

2020 மார்ச்சு மாதத்தில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடமே கைப்பேசிக்குள் புகுந்தது. அதுவரை அதனைக் கடிந்த பெற்றோரே கடன்பட்டும் வாங்கித்தர நேர்ந்தது. பாடம் முடிந்த பின்னும் கருவி பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது. அக்காலத்துக் கற்றல் இழப்பை ஈடுசெய்யத் தமிழக அரசு வகுத்த இல்லம் தேடிக் கல்வித் திட்டம், திண்டிவனத்திற்குக் கிழக்கே மரக்காணம் பகுதியிலுள்ள முதலியார்குப்பத்தில் 27.10.2021 அன்று தொடங்கி வைக்கப்பெற்றது. ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளை மாலை வேளையில் குடியிருப்புக்கு அருகிலேயே கூட்டி, தன்னார்வலர்கள் கதையும் பாட்டும் விளையாட்டுமாகக் கற்பித்தனர். பாடத்திற்கென வகுத்த திட்டமே அது. எனினும், திரை விழுங்கும் அந்த மாலைப் பொழுதில் பிள்ளையின் எதிரே ஒரு மனிதர் வந்தமர்ந்தார் என்பதே கருதத்தக்கது.

அதனை இல்லத்திலும் செய்யலாம். உண்ணும் வேளையில் தந்தையின் கைப்பேசி உட்பட அனைத்தும் அலமாரிக்குச் செல்லட்டும். தந்தைக்கு விலக்களித்தால் எவ்விதியும் நிலைக்காது. இரவில் அவை படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். நிறுத்தும் நேரத்தைத் தொடங்குமுன்னரே பேசி முடிவு செய்து, பத்து நிமிடம் முன்னதாக நினைவூட்டுக. இயன்றபோது உடனமர்ந்து பார்த்து, அக்கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். முதற் சில நாள்களில் பிள்ளை சினந்து ஏசவும் கூடும். பித்தன் என்ற சொல்லைப் பெருமானும் பொறுத்தாரல்லரோ?

விழுப்புரத்திலிருந்து திருவெண்ணெய்நல்லூருக்குப் பேருந்தில் செல்லும் பெற்றோர், கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு இவ்வரலாற்றைப் பிள்ளைக்குச் சொல்லத் தொடங்கலாம். ஓலையை அவர் ஏன் கிழித்தார், சாமிக்குக் கோபமே வரவில்லையா என்று அது கேட்கும். விடை சொல்லி முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும்.