நாய்களின் நாட்பட்ட சிறுநீரக நோய்

நம் புதுச்சேரியில் நாய் வளர்ப்பார் பலர். முதிய நாயொன்று வழக்கத்தினும் மிகுதியாய் நீர் பருகி, இரவில் வீட்டினுள்ளே சிறுநீர் கழிக்குமாயின், தரை நனையாதிருத்தற்பொருட்டு அதன் நீர்ப்பாத்திரத்தை எடுத்து வைப்பாரும் உளர். இச்செயல் அந்நாயின் உயிருக்கே கேடாய் முடியலாம். அஃது எங்ஙனமென ஈண்டு ஆராய்வாம்.

பொதுமக்கள் குண்டிக்காய் என வழங்கும் சிறுநீரகம், இரத்தத்தின் கழிவுகளை வடித்து நீக்கி, உடலுக்கு வேண்டிய நீரை மீட்டுக்கொள்ளும் உறுப்பாம். அதன் நுண்ணிய வடிப்பான்கள் அழியின் மீண்டும் தோன்றா. அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கெட்ட பின்னரே நீரை மீட்கும் ஆற்றல் குன்றும். நான்கில் மூன்று பங்கு கெட்ட பின்னரே இரத்தத்தில் கழிவு மிகும். இந்நோயில் சிறுநீர் பெருகுதலாலேயே தாகம் உண்டாகின்றது. தாகத்தால் சிறுநீர் பெருகுவதன்று. ஆதலின் நீரை மறுத்தல், எஞ்சிய பங்கையும் கெடுப்பதாகும்.

மருத்துவர் இந்நோயை நான்கு படிகளாக வகுப்பர். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் கிரியாட்டினின் 1.4 மில்லிகிராமுக்குக் குறைந்திருந்தும் வேறு குறிகள் காணின் முதற்படி, 2.8 வரை இரண்டாவது, 5.0 வரை மூன்றாவது. அதற்கு மேற்பட்டது நான்காவது. சிறுநீரிலுள்ள புரதமும் இரத்த அழுத்தமும் உடன் அளக்கப்படும்.

இனிப் பேணும் முறையைக் கூறுவாம். தூய நீர் எப்பொழுதும் அருகிருத்தல் வேண்டும். பாஸ்பரஸ் மிகுந்த எலும்பும், உப்பு மிகுந்த கருவாடும் விலக்கத்தக்கன. புரதம் அளவோடும் தரத்தோடும் அமைதல் நன்று. அதனை முற்றும் நீக்கின் தசை நலியும். பசி குன்றிய நாய்க்கு இளஞ்சூடான உணவைச் சிறிது சிறிதாய்ப் பலமுறை இடுக. மனிதர் உண்ணும் ஐபுபுரோபன் முதலிய வலிநீக்கிகளை ஒருபோதும் கொடுத்தலாகாது.

ஐப்பசி கார்த்திகை மழையில் தேங்கும் நீரில் எலிகளின் சிறுநீர் கலத்தலால் பரவும் லெப்டோஸ்பைரா கிருமியும் சிறுநீரகத்தைத் தாக்கும்; மருத்துவர் கூறும் காலத்தில் தடுப்பூசி இடுவித்தல் கடன். முதிய நாய்க்கு ஆண்டுக்கொருமுறையேனும் இரத்தமும் சிறுநீரும் சோதிக்கப்படுமாயின், நோய் முற்றுமுன் அறியலாம். இந்நகரின் குருமாம்பேட்டில் இராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி நிலையம் இருத்தல் நம் நற்பேறே.

இந்நோய் முற்றும் தீர்வதன்று. எனினும் தக்க காலத்தில் அறியப்பட்ட நாய்கள் பல, மாதங்களும் ஆண்டுகளும் நலமாய் வாழ்கின்றன. தன் நோயைச் சொல்லமாட்டாத உயிரை நம்பால் ஒப்புவித்த இறைவன், அதன் குறிகளை உணரும் அறிவையும் நமக்கு அளித்துள்ளான். அவ்வறிவைப் பயன்படுத்துதல் நம் கடமையன்றோ?